பாட்டன் பிறந்த இடம் எது?

கொட்டாஞ்சேனையில் நான் கற்பிக்கும் வகுப்பொன்றில், வரலாற்றுப் பாடத்தின் பயிற்சியாக மாணவர்களுக்கு ஒரு தாளைக் கொடுத்தேன். அதில் நான்கே கேள்விகள் இருந்தன. உன் தந்தையின் பெயர் என்ன? அவர் பிறந்த இடம் எது? உன் பாட்டனின் பெயர் என்ன? அவர் பிறந்த இடம் எது?

மறுநாள் தாள்கள் திரும்பி வந்தன. முதல் மூன்று கேள்விகளுக்கும் பெரும்பாலோர் விடை எழுதியிருந்தனர். நான்காவது கேள்விக்கெதிரே பல தாள்களில் வெற்றிடமே இருந்தது. சிலர் 'தெரியாது' என்று எழுதியிருந்தனர். ஒரு மாணவன் மட்டும், "இதை வெளியில் சொல்லக்கூடாது என்று பாட்டி சொன்னா" என்று எழுதியிருந்தான்.

அந்த ஒற்றை வரி என்னைச் சிந்திக்க வைத்தது. தன் கணவன் பிறந்த ஊரின் பெயரைப் பேரனிடம் கூறவும் ஒரு மூதாட்டி அஞ்சுகிறாள் எனின், அந்த அச்சத்துக்கு ஒரு வரலாறு இருக்கவேண்டும் அன்றோ? அவ்வரலாற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கடல் கடந்த இரு கூட்டத்தார்

உலகில் தம் முன்னோரைத் தேடி அலைவோருள் முதலிடம் பெறத்தக்கவர் அமெரிக்காவில் வாழும் அயர்லாந்து வம்சத்தவர். 1845இல் அயர்லாந்தின் உருளைக்கிழங்குப் பயிரை நோய் தாக்கியது. அதைத் தொடர்ந்த பஞ்சத்தில் ஏறத்தாழ பத்து இலட்சம் மக்கள் மாண்டனர். அதற்குக் குறையாத தொகையினர் கப்பலேறினர். 1841இல் எண்பது இலட்சத்துக்கு மேலிருந்த சனத்தொகை 1851இல் அறுபத்தைந்து இலட்சமாகக் குறுகியது. நிலமோ நிலப்பிரபுக்களிடம் இருந்தது. மக்கள் பட்டினி கிடந்தபோதும் தானியமும் கால்நடையும் துறைமுகங்களின் வழியே இங்கிலாந்துக்குப் போய்க்கொண்டிருந்தன. நோய் பயிரைக் கொன்றது. மக்களைக் கொன்றது நிலவுடைமை முறையும் அதைக் காத்து நின்ற அரசுமேயாகும்.

அன்று இலண்டனில் திறைசேரியின் தலைமை அதிகாரியாக இருந்து, பஞ்ச நிவாரணத்தின் கைப்பிடியை இறுக்கியவர் சார்ள்ஸ் ட்ரெவெலியன். சந்தையின் போக்கில் அரசு தலையிடலாகாது என்பது அவரது கொள்கை. அப்பணிக்காக 1848இல் அவருக்குப் பட்டம் வழங்கப்பட்டது. அதே ட்ரெவெலியன் 1859இல் சென்னை மாகாணத்தின் ஆளுநராக வந்து சேர்ந்தார்! அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரிற் பிறந்த எமர்சன் டெனன்ட், பஞ்சம் தொடங்கிய அதே 1845இல் இலங்கையின் குடியேற்றநாட்டுச் செயலாளராகக் கொழும்பில் வந்து இறங்கினார். அயர்லாந்தின் குடியானவனைக் கடல் கடத்திய கையும், இராமநாதபுரத்து உழவனைக் கடல் கடத்திய கையும் ஒரே உடலின் கைகள் என்பதற்கு இவ்விரு பெயர்களே போதும். டெனன்டைப் போன்றோர் அயர்லாந்தவரே எனினும் அவர்கள் கப்பலேறியது ஆளுவதற்காக. எனவே, 'எந்த நாட்டான்' என்று கேட்பதோடு நில்லாது, 'எந்த வர்க்கத்தான்' என்றும் கேட்டாலன்றி இடப்பெயர்வின் வரலாறு விளங்காது.

தென்னிந்தியாவிலும் பஞ்சம் புதியதன்று. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தையும் அதன் சுற்றுப்புறங்களையும் வாட்டிய பெரும்பஞ்சத்தில் ஐம்பது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டிருப்பர் என மதிப்பிடுவர். அவ்வாண்டுகளில் இலங்கைக்கு வந்தோர் தொகையும் பெருகியது. ஆயினும் பஞ்சத்துக்கு முன்னரே பாதை திறந்திருந்தது. 1820களில் கண்டிச் சீமையில் தொடங்கிய கோப்பித் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. ஊரிலோ பண்ணையடிமைத்தனமும் சாதிக்கொடுமையும் கடன் சுமையும் நிலமற்ற மக்களைத் துரத்தின. புதுக்கோட்டை, திருச்சிராப்பள்ளி, மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலி, சேலம் ஆகிய பகுதிகளிலிருந்து அவர்கள் கூட்டங் கூட்டமாகப் புறப்பட்டனர். தோணியில் மன்னார்க் கரையை அடைந்து, காட்டினூடே நூறு மைலுக்கு மேல் நடந்து மாத்தளையைச் சேர்ந்தனர். வழியில் வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் பலியானோர் பலர். அவர்களுக்குக் கல்லறை இல்லை. கணக்கும் ஒழுங்காக இல்லை.

1869இல் கோப்பியை நோய் பற்றியது. அத்தொழில் அழிந்து அவ்விடத்தில் தேயிலை எழுந்தது. கோப்பிக்கு ஆண்டில் சில மாதங்கள் ஆள் இருந்தாற் போதும். தேயிலைக்கோ ஆண்டு முழுவதும், குடும்பம் முழுவதும் வேண்டும். வந்து போனவர்கள் வந்து தங்கியவர்களாயினர். ஆகவே தேயிலையின் தேவையே அவர்களை இந்நாட்டு மக்களாக்கியது. இதனை மனத்திலிருத்திக்கொள்ள வேண்டும். பின்னர் வரும் சட்டங்கள் மறந்துவிட்ட உண்மை இது.

எண் உண்டு, பெயர் இல்லை

அமெரிக்காவில் உள்ள அயர்லாந்து வம்சத்தவன் தன் பூட்டனை எவ்வாறு தேடுகிறான்? நியூயோர்க் துறைமுகத்தின் பயணிகள் பட்டியலைப் புரட்டுகிறான். ஊர்க்கோயிலின் ஞானஸ்நானப் பதிவேட்டைப் பார்க்கிறான். 1847 முதல் 1864 வரை வரி விதிப்பதற்காக அயர்லாந்து முழுவதும் எடுக்கப்பட்ட நிலமதிப்பீட்டில் தன் குடும்பப் பெயரைத் தேடுகிறான். இவற்றுள் பல அதிகாரத்தின் தேவைக்காக எழுதப்பட்டவை. வரி வாங்குவதற்காக, வாடகை அறவிடுவதற்காக, குத்தகைக்காரனை வெளியேற்றுவதற்காக எழுதப்பட்ட பெயர்கள். எனினும் அவை பெயர்கள். ஏழைக் குத்தகைக்காரனாயினும் வரிக்கணக்கில் அவனுக்கு ஓர் இடம் இருந்தது.

நம் மக்களின் கதையோ வேறு. ஊரில் அவர்களுட் பெரும்பாலோர்க்கு நிலமில்லை. ஆகவே நிலவரிக் கணக்கில் அவர்கள் இல்லை. ஆள்கட்டியும் கங்காணியும் கூட்டி வந்தபோது அவர்கள் 'இத்தனை தலை' என்று எண்ணப்பட்டனர். ஒவ்வோர் ஆளுக்கும் கங்காணி பெற்ற பணத்துக்குத் 'தலைக்காசு' என்றே பெயர் வழங்கியது. 1904இல் திருச்சிராப்பள்ளியில் தோட்டத்துரைமாரின் தொழிலாளர் ஆணையகம் அமைந்தபின் ஆள்சேர்ப்பு ஒழுங்குபட்டது. தட்டப்பாறையிலும் மண்டபத்திலும் முகாம்கள் எழுந்தன. அங்கே அவர்களைத் தடுத்து வைத்து, நோய் பார்த்து, கப்பலேற்றினர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர்கள் கழுத்தில் தகரத் துண்டொன்று தொங்கியது. அதில் தோட்டத்தின் எண்ணும் ஆளின் எண்ணும் பொறிக்கப்பட்டிருந்தன. சரக்கு வந்து சேரவேண்டிய முகவரியை எழுதுவது போலவே மனிதனின் கழுத்திலும் எழுதினார்கள்.

தோட்டத்தை அடைந்தபின் இன்னொரு காகிதம் அவனைப் பிணித்தது. அதற்குத் 'துண்டு' என்று பெயர். இவ்வாள் இத்தனை ரூபா கடன்பட்டிருக்கிறான். அதைத் தீர்ப்பவர் இவனை எடுத்துக்கொள்ளலாம் என்பதே அதன் பொருள். 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்படும் வரை இம்முறை நிலவியது. பலருடைய முன்னோர் பற்றி எழுதப்பட்ட முதல் ஆவணம் அவர்களின் கடன் கணக்குத்தான். பிறப்பு எழுதப்படுமுன் கடன் எழுதப்பட்டது!

காலையில் பிரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடும் செக்ரோல் இருந்ததே என்று கேட்கலாம். உண்மை. ஆயின் அதில் கணக்கப்பிள்ளை தன் காதில் விழுந்தவாறு எழுதிய இராமன்களும் முத்தன்களும் காத்தாயிகளும் வரிசையாக நின்றனர். எந்த இராமன், எந்த ஊரான், யார் மகன் என்பது சம்பளக் கணக்குக்கு வேண்டாத செய்தி. இலங்கையில் பிறப்புப் பதிவு கட்டாயமானதே பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிப் பத்தாண்டில்தான். அதற்கு முன் லயத்தில் பிறந்த குழந்தையின் பிறப்பை எழுதிவைக்க எவரும் கடமைப்பட்டிருக்கவில்லை.

தலைநகரின் தோட்டங்கள்

இந்திய வம்சாவளித் தமிழர் என்றதும் நம் மனக்கண்முன் மலைநாடே தோன்றுகிறது. கொழும்பையும் கட்டியவர்கள் அவர்கள் என்பதை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம். 1875இல் அடிக்கல் நாட்டப்பட்ட துறைமுக அலைதடுப்புச் சுவர் 1885இல் நிறைவெய்தியபின் கொழும்பு கீழைத்தேசத்தின் பெருந்துறைமுகங்களுள் ஒன்றாயிற்று. அங்கே நிலக்கரி சுமந்தவர்கள், தேயிலைப் பெட்டி ஏற்றியவர்கள், புறக்கோட்டையின் நாட்டாமிமார், நகரசபையின் துப்புரவுத் தொழிலாளர், ரயில் பாதையில் வேலை செய்தவர்கள் ஆகியோருட் பெரும்பகுதியினர் தூத்துக்குடிக் கப்பலில் வந்திறங்கியவர்களே. கொட்டாஞ்சேனையிலும் கொச்சிக்கடையிலும் ஜிந்துப்பிட்டியிலும் நெருக்கமான குடிசை வரிசைகளில் அவர்கள் குடியேறினர். அவ்வரிசைகளையும் நாம் 'தோட்டம்' என்றே அழைக்கிறோம். ஒரு பூவும் பூக்காத அந்தத் தோட்டங்களுக்கு அப்பெயர் எப்படி வந்ததாயினும், மலைநாட்டுத் தோட்டத்து லயத்தில் பிறந்தவனுக்கும் தலைநகரின் தோட்டத்து வரிசையில் பிறந்தவனுக்கும் வாழ்வு பெரிதும் வேறுபட்டதன்று.

தெற்கே வெள்ளவத்தையில் பஞ்சாலை நின்றது. அங்கே மலையாளத் தொழிலாளர் பலர் உழைத்தனர். 1933இல் அவர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது கொல்வின் ஆர். டி சில்வா முதலிய இளம் இடதுசாரிகள் அவர்களுக்குத் துணைநின்றனர். கொழும்புத் தொழிலாளர் இயக்கத்தின் தந்தையெனப் போற்றப்பட்ட ஏ. ஈ. குணசிங்க அவ்வேலைநிறுத்தத்துக்கு எதிராக நின்றார். பின்னர் அவரே மலையாளிகளை வெளியேற்றவேண்டுமென்ற பிரசாரத்தில் முன்னின்றார். உழைப்பாளியின் தலைவனே உழைப்பாளியின் பிறப்பிடத்தைக் கேட்கத் தொடங்கிய அவலம் அது.

இதுவும் நமக்கு மட்டும் உரிய அவலமன்று. அயர்லாந்தின் கோர்க் மாவட்டத்திற் பிறந்து கலிபோர்னியாவில் குடியேறிய டெனிஸ் கியர்னி, 1877இல் தொழிலாளர் கட்சியொன்றை அமைத்து, சீனத் தொழிலாளரைத் துரத்தவேண்டுமென்று மேடைதோறும் முழங்கினான். பஞ்சத்தால் துரத்தப்பட்ட நாட்டில் பிறந்தவன் இன்னொரு நாட்டானைத் துரத்தத் துணிந்தான். முன்னோர் பட்ட துன்பத்தை அறிவது மட்டும் மனிதனை நீதிமானாக்கிவிடாது. அதன் காரணத்தை அறியவேண்டும்.

1939இல் இலங்கை அரசாங்கம் தன் திணைக்களங்களில் நாட்கூலி பெற்ற இந்தியத் தொழிலாளரை வேலைநீக்கத் தீர்மானித்தது. கொழும்பின் துறைமுகத்திலும் ரயில் பகுதியிலும் வேலை செய்த ஆயிரக்கணக்கான குடும்பங்களை அது உலுக்கியது. அவ்வாண்டு யூலையில் ஜவகர்லால் நேரு கொழும்புக்கு வந்தார். இலங்கை இந்தியக் காங்கிரஸ் பிறந்தது. பயிற்சியற்ற தொழிலாளர் இலங்கைக்குச் செல்வதை இந்திய அரசாங்கம் அவ்வாண்டு ஓகஸ்டில் தடைசெய்தது. வருகை நின்றது. இனிமேல் இங்கிருப்பவர் யார் என்ற கேள்வி எழுந்தது.

சட்டம் கேட்ட கேள்வி

1946ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இந்நாட்டிலிருந்த இந்தியத் தமிழர் ஏறத்தாழ 7,80,000 பேர். அவர்களுட் பலர் 1947இல் வாக்களித்தனர். மலைநாட்டுத் தொகுதிகளில் தம் பிரதிநிதிகளைத் தெரிந்தனர். வேறு பல தொகுதிகளில் இடதுசாரி வேட்பாளரை ஆதரித்தனர். உழைப்பாளரின் வாக்கு எத்திசையில் விழுமென்பதை ஆளும் வர்க்கம் கண்டுகொண்டது.

1948 நவம்பர் 15ஆம் நாள் பிரஜாவுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அன்று உயிரோடிருந்த ஒருவனிடம் அச்சட்டம் கேட்ட கேள்வி இது: நீ இலங்கையில் பிறந்தாயா? பிறந்திருந்தாலும் போதாது. உன் தந்தை இலங்கையில் பிறந்தாரா? இல்லையெனில் உன் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இலங்கையில் பிறந்தார்களா?

பிறப்புப் பதிவே கட்டாயமாயிராத காலத்தில் பிறந்த தந்தைக்கும் பாட்டனுக்கும் பத்திரம் கொண்டுவரும்படி கேட்கப்பட்டது. இந்நாட்டின் கிராமத்துச் சிங்கள விவசாயியிடமும் யாழ்ப்பாணத்துக் கமக்காரனிடமும் கேட்டிருந்தால் அவர்களுட் பலரும் காட்டியிருக்க முடியாது. ஆனால் அவர்களிடம் எவரும் கேட்கவில்லை. சட்டத்தின் எழுத்து எல்லோருக்கும் பொது. கேள்வி மட்டும் ஒரு சாராருக்கு!

அடுத்து, 1949இல், இந்திய பாகிஸ்தானியர் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. விண்ணப்பிக்க இரண்டாண்டு அவகாசம். 1946 சனவரி 1க்கு முன் மணமானவர் ஏழாண்டும் மணமாகாதவர் பத்தாண்டும் இடையறாது இங்கு வசித்திருத்தல் வேண்டும். பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் இந்தியாவில் தங்கியிருந்தால் தொடர்ச்சி அறுந்ததாகும். கிழத் தாயைப் பார்க்கவும் தங்கையின் திருமணத்தை நடத்தவும் ஊர் சென்று, அங்கே நோயில் விழுந்தவன் தன் உரிமையை இழந்தான். ஏறத்தாழ 2,37,000 விண்ணப்பங்கள் குவிந்தன. அவற்றில் அடங்கியோர் எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர். பிரஜாவுரிமை கிடைத்தவர்களோ ஏறத்தாழ 1,34,000 பேர்தான். அதே 1949இல் வந்த தேர்தல் திருத்தச் சட்டம், பிரஜையல்லாதவரின் வாக்கைப் பறித்தது.

அந்த மூதாட்டியின் அச்சம் இங்கேதான் பிறந்தது. ஊரின் பெயர் வாயில் வந்தால் அதுவே எதிர்ச்சான்றாகுமோ? ஊரிலிருந்து வந்த கடிதம் பெட்டியில் இருந்தால் அதிகாரி கேள்வி கேட்பானோ? தெருவில் 'கள்ளத்தோணி' என்ற வசை எழுந்த காலம் அது. பாட்டனின் பிறப்பிடத்தை மறப்பது பிழைக்கும் வழியாயிற்று.

இந்தச் சட்டத்தை எதிர்த்துக் கேகாலை மாவட்டத்தைச் சேர்ந்த கோடாக்கன் பிள்ளை என்பவர் வழக்காடினார். வாக்காளர் பட்டியலில் தம் பெயர் மறுக்கப்பட்டது சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவுக்கு முரணானது என்பது அவர் வாதம். 1953இல் இலண்டனிலுள்ள பிரிவி கவுன்சில் அவ்வாதத்தைத் தள்ளியது. யார் தன் பிரஜை என்று தீர்மானிக்கும் உரிமை ஒரு நாட்டுக்கு உண்டு என்றும், அது ஒரு சமூகத்துக்கு எதிரான பாரபட்சமாகாது என்றும் தீர்ப்பு அமைந்தது.

இங்கே அமெரிக்க வரலாற்றின் ஒரு பக்கத்தைப் பார்த்தல் தகும். கறுப்பு மக்களின் வாக்கைப் பறிக்க விரும்பிய தென்மாநிலங்கள் எழுத்தறிவுச் சோதனையையும் சொத்துத் தகுதியையும் விதித்தன. அவை ஏழை வெள்ளையரையும் தாக்குமே என்ற கவலை எழுந்தபோது லூயிசியானா மாநிலம் 1898இல் ஒரு வழி கண்டது. 1867 சனவரி 1ஆம் நாள் எவருக்கு வாக்குரிமை இருந்ததோ அவருக்கும், அவருடைய மகனுக்கும் பேரனுக்கும் சோதனை வேண்டாம் என்றது அச்சட்டம். அந்நாளில் அங்கு கறுப்பு மக்களுக்கு வாக்கில்லை. 'கறுப்பர்' என்ற சொல் சட்டத்தில் எங்கும் இல்லை. 'பாட்டன்' என்ற சொல்லே அந்த வேலையைச் செய்து முடித்தது! ஒக்லகோமா மாநிலத்தின் இத்தகைய ஏற்பாட்டை 1915இல் அமெரிக்க உயர்நீதிமன்றம் செல்லாதென்று தீர்த்தது. ஆயினும் தென்மாநிலக் கறுப்பு மக்கள் மெய்யான வாக்குரிமைக்கு 1965 வரை போராட வேண்டியிருந்தது. 'தமிழர்' என்றோ 'தோட்டத் தொழிலாளர்' என்றோ ஒரு சொல்லும் எழுதாமல் நம் 1948ஆம் ஆண்டுச் சட்டமும் அதே வேலையைச் செய்தது.

அயர்லாந்தோ தன் பாட்டன்மாரை வேறு விதமாக நடத்தியது. 1956ஆம் ஆண்டுச் சட்டப்படி, அயர்லாந்தில் பிறந்த ஒருவருடைய பேரன் உலகின் எம்மூலையில் பிறந்தாலும் தன்னைப் பதிவுசெய்து அந்நாட்டின் குடிமகனாகலாம். 1963 யூனில் அமெரிக்க ஜனாதிபதி ஜோன் கெனடி, தன் பூட்டன் விட்டுச்சென்ற வெக்ஸ்போர்ட் மாவட்டத்துப் பண்ணை வீட்டுக்குச் சென்று உறவினரோடு தேநீர் அருந்தினார். அந்தப் பூட்டன் பொஸ்டனில் பீப்பாய் செய்து பிழைத்த தொழிலாளி. ஓரிடத்தில் பாட்டன் திறவுகோலாகிறான். இன்னோரிடத்தில் அவனே பூட்டாகிறான். எதுவாகவேண்டும் என்பதைத் தீர்மானிப்பது அதிகாரம் யார் கையில் உள்ளது என்பதே.

நாம் நம்மையும் விசாரித்துக்கொள்ள வேண்டும். 1948இல் முதற் சட்டத்தை எதிர்த்த தமிழ்க் காங்கிரஸ் தலைவர் ஜி. ஜி. பொன்னம்பலம், அமைச்சரானபின் அடுத்த சட்டத்தை ஆதரித்தார். செல்வநாயகம் முதலியோர் அக்கட்சியினின்று பிரிந்தனர். சட்டத்தை எதிர்த்துப் பாராளுமன்றத்தில் உறுதியாக நின்றவர்கள் இடதுசாரிகள். இது பெருமைக்குரியது. ஆனால் 1964 ஒக்டோபர் 30இல் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானபோது, அந்த அரசாங்கத்தில் லங்கா சமசமாஜக் கட்சியும் பங்காளியாக இருந்தது. 9,75,000 மக்களுள் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்று இரு அரசுகள் பங்கிட்டன. அம்மக்களின் விருப்பத்தை எவரும் முன்கூட்டிக் கேட்கவில்லை. 1974இல் அந்த எஞ்சியோரையும் பாதி பாதியாகப் பிரித்தனர். இதற்கு இடதுசாரிகளாகிய நாமும் பதில் கூறக் கடமைப்பட்டவர்கள்.

மலைநாட்டிலிருந்து தலைமன்னாருக்குச் சென்ற ரயிலை மக்கள் 'ஒப்பாரிக் கோச்சி' என்றனர். பாட்டன் வந்த வழியே பேரன் திரும்பினான். ஆனால் அந்த ஊர் அவனை அறியவில்லை. நீலகிரியில் அவனுக்குக் கிடைத்த பெயர் 'சிலோன்காரன்'. இங்கே இந்தியன், அங்கே சிலோன்காரன்! இங்கு எஞ்சிய நாடற்றவர் துயரம் 1986, 1988, 2003ஆம் ஆண்டுகளின் சட்டங்களாலேயே தீர்ந்தது. 2003ஆம் ஆண்டுச் சட்டம், 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கு நிரந்தரமாக வாழ்ந்த இந்திய வம்சாவளியினரையும் அவர்தம் சந்ததியையும் பிரஜைகளாக ஏற்றது. 1948இல் எழுந்த கேள்விக்கு விடை கிடைக்க ஐம்பத்தைந்து ஆண்டுகள் சென்றன.

எரிந்தவையும் எஞ்சியவையும்

ஆவணங்கள் எளிதில் எரியும். 1922 யூன் 30ஆம் நாள், அயர்லாந்தின் உள்நாட்டுப் போரில் டப்ளின் நகரின் ஆவணக் காப்பகம் எரிந்தது. 1821 முதல் 1851 வரை எடுக்கப்பட்ட குடிசனக் கணக்குகள் பெரும்பாலும் அதில் சாம்பலாயின. அதன்பின் வந்த சில கணக்குகளை அரசே அழித்திருந்தது. எஞ்சிய வரிப்புத்தகங்களையும் கோயிற் பதிவேடுகளையும் நிலப்பிரபுக்களின் கணக்குகளையும் கொண்டே அந்நாட்டு மக்கள் தம் வரலாற்றை மீளக் கட்டினர். 1847இல் தன் குடியானவர்களைக் கூட்டமாகக் கப்பலேற்றிய ஸ்ட்ரோக்ஸ்டவுன் பிரபுவின் மாளிகையில் கிடைத்த கணக்குகள், இன்று அங்கேயே அமைந்த பஞ்ச அரும்பொருளகத்தின் அடிப்படையாயின. ஒடுக்கியவனின் கணக்குப் புத்தகமே ஒடுக்கப்பட்டவனின் வரலாற்றுக்குச் சான்றாயிற்று.

இங்கும் தீ உண்டு. 1981இல் யாழ்ப்பாண நூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரிந்தது. 1983 யூலையில் வெள்ளவத்தையிலும் கொழும்பின் பிற பகுதிகளிலும் வீடுகள் எரிந்தபோது, பிறப்புப் பத்திரங்களும் பழைய புகைப்படங்களும் கடிதங்களும் உடன் எரிந்தன. தப்பியோடியோர் கடல் கடந்து சேர்ந்த இடங்களுள் ஒன்று மண்டபம். பாட்டன்மாரை இலங்கைக்கு ஏற்றிய அதே மண்டபம் முகாம், இலங்கையிலிருந்து வந்த அகதிகளின் முகாமாயிற்று! வெள்ளவத்தைப் பஞ்சாலையும் இன்று இல்லை. அந்நிலத்தில் வானளாவிய மாடிக் குடியிருப்புகள் எழுந்துள்ளன.

ஆயினும் எல்லாம் அழிந்துவிடவில்லை. கொழும்புச் சுவடிக்கூடத்தில் குடியேற்றநாட்டு அரசின் ஏடுகள் உள்ளன. கோயில்களில் ஞானஸ்நானப் பதிவுகளும் திருமணப் பதிவுகளும் உள்ளன. தகரப் பெட்டிகளின் அடியில் பற்றுச்சீட்டுகள், தோட்டத்தின் பெயரோடு கூடிய பிறப்புப் பதிவுகள், பிரஜாவுரிமை விண்ணப்பத்தின் பிரதிகள் கிடக்கின்றன. விண்ணப்பத்தை நிராகரித்த கடிதமும் ஓர் ஆவணமே. குடும்பத்தவரின் பெயர்களையும் பிறந்த இடங்களையும் வரிசைப்படுத்தி அக்குடும்பமே எழுதிய முதல் வரலாறாகவும் அவ்விண்ணப்பம் இருக்கலாம்.

காகிதத்துக்கு அப்பாலும் சான்றுகள் உண்டு. குலதெய்வத்தின் பெயர் ஒரு சான்று. அத்தெய்வத்தின் கோயில் எந்தக் கண்மாய்க் கரையில் நிற்கிறது என்று தேடினால் ஊர் தெரியவரலாம். ஒப்பாரிப் பாடலில் வரும் ஊர்ப்பெயர் ஒரு சான்று. வீட்டில் மட்டும் வழங்கும் சொல் ஒரு சான்று. 2023இல், மலையக மக்களின் வருகைக்கு இருநூறு ஆண்டு நிறைவை ஒட்டித் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்து சென்றனர். கல்லறையில்லாதவர்களின் பாதையைக் கால்களால் வாசித்த செயல் அது.

இப்பணியை வசதிபடைத்தோரின் பொழுதுபோக்காக விட்டுவிடலாகாது. சாதிப் பெருமை தேடும் வம்சப் பட்டியலாகவும் அது சீரழியலாகாது. பாட்டன் எந்த ஊரான் என்பதோடு, ஏன் புறப்பட்டான், யார் கூட்டி வந்தான், எவ்வளவு கடனில் விழுந்தான், எந்த வேலைநிறுத்தத்தில் நின்றான் என்று கேட்கும்போதே அது வரலாறாகும். ஆசிரியர்களும் மாணவர்களுமே இதைச் செய்யத்தக்கவர்கள். வகுப்பறைக்கு ஒரு கொப்பி போதும். முதியோர் ஒவ்வொருவராக மறைந்துவருகின்றனர். காலம் குறுகியது.

நான் அந்த மாணவனிடம் ஒன்றும் வற்புறுத்தவில்லை. சட்டம் மாறிவிட்டது, இனி இதைச் சொல்வதால் ஒரு தீங்கும் வராது என்று பாட்டியிடம் சொல் என்று மட்டும் கூறினேன். இரண்டு வாரங்களின்பின் அவன் தாளைத் திருப்பித் தந்தான். நான்காவது கேள்விக்கு எதிரே, புதுக்கோட்டைப் பக்கத்துச் சிற்றூரொன்றின் பெயர் இருந்தது. அதன் கீழே, நான் கேளாத சில வரிகளும் இருந்தன. பாட்டியின் பெயர், பாட்டியின் தாயின் பெயர், அவள் பிறந்த தோட்டம், அவள் கொழுந்து பறித்த மலையின் பெயர் ஆகியவற்றை அவன் எழுதியிருந்தான்.

1948ஆம் ஆண்டுச் சட்டம் தந்தைவழியையே கேட்டது. என் தாளும் அதையே கேட்டிருந்தது என்பதை அப்போதுதான் உணர்ந்தேன். அடுத்த ஆண்டு அந்தத் தாளில் நான்கு கேள்விகள் அல்ல, எட்டுக் கேள்விகள் இருக்கும்.